ஆம்பூர் மாண்டலோரியன்!

உங்க தலையோட சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர்னு தெரியுமா பாஸ்? யோசிக்காம டக்குனு சொல்லுங்க பார்ப்போம். சட்டை சைஸ் தெரியும், ஷூ சைஸ் தெரியும், இடுப்பு அளவைக்கூட (கொஞ்சம் குறைச்சு) சொல்லிடுவீங்க. தலை? எனக்கும் தெரியாதுங்க. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன். மைக்ரோமீட்டர் வெச்சு இரும்புத் துண்டை 0.01 மில்லிமீட்டர் வரைக்கும் அளந்து ரெக்கார்டு நோட்டுல எழுதி கையெழுத்தெல்லாம் வாங்கியிருக்கேன். ஆனா, என் தலையை ஒரு தடவைகூட அளந்ததில்லை. அதோட பலன்... லீவுக்கு ஆம்பூர் வந்திருந்த ஒரு மே மாச ராத்திரி, 11 மணிக்கு, நானே செஞ்ச ஹெல்மெட்டுக்குள்ள என் தலை மாட்டிக்கிச்சு.

உள்ளே எப்படிப் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் புரியலை. வெளியே வரலை. ரெண்டு காதும் சப்பாத்தி மாதிரி மடங்கி உள்ளே சிக்கிக்கிச்சு. சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தாங்க. "இன்னாடா கோலம் இது?"ன்னு ஒரு நிமிஷம் நின்னு பார்த்தாங்க. அப்புறம் பேசாம போய் கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு வந்தாங்க. "அம்மா, அது மூணு வார வேலைம்மா!"ன்னு கத்தினேன். ஹெல்மெட்டுக்குள்ள இருந்து கத்தினா வெளியே ஒண்ணும் கேக்காதுங்கிற விஞ்ஞான உண்மை அப்பதான் புரிஞ்சுது. (இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.) பின்மண்டையில ஆரம்பிச்சு கழுத்து வரைக்கும் ஒரே வெட்டு. ஹெல்மெட் ரெண்டு, தலை ஒண்ணு.

எதுக்குடா உனக்கு இந்த வேண்டாத வேலைன்னுதானே கேக்கறீங்க?

2024 பிப்ரவரியில சென்னைக்கு முதல்முறையா காமிக் கான் வந்துச்சு. நந்தம்பாக்கம் டிரேட் சென்டர். ஹாஸ்டல் பசங்களோட வேடிக்கை பார்க்கப் போனேன். திரும்பின பக்கமெல்லாம் ஸ்பைடர்மேன், நருட்டோ. அந்தக் கூட்டத்துல ஒருத்தர் தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளிக் கவசம் போட்டு நிதானமா நடந்து வந்தார். முகத்துல கண்ணு, மூக்கு எதுவும் கிடையாது. ஆங்கில 'டி' எழுத்து மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடி, அவ்வளவுதான். மாண்டலோரியன்!

ஸ்டார் வார்ஸ் பார்க்காதவங்களுக்காக ரெண்டு வரி. 1980-ல வந்த 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' படத்துல போபா ஃபெட்னு ஒரு கூலி வேட்டைக்காரன் வருவான். நாலே நாலு வசனம் பேசுவான், முகத்தைக் காட்டவே மாட்டான். ஜோ ஜான்ஸ்டன், ரால்ஃப் மெக்குவாரின்னு ரெண்டு ஓவியர்கள் வடிவமைச்ச அந்தக் கவசத்துக்காகவே அவனுக்கு ரசிகர்கள் சேர்ந்துட்டாங்க. அதே கவசக் கூட்டத்தை வெச்சு 2019-ல வந்த தொடர்தான் 'தி மாண்டலோரியன்'. ஹீரோ பெட்ரோ பாஸ்கல். ஆனா, பல காட்சிகள்ல கவசத்துக்குள்ள இருந்தது பிரெண்டன் வேய்ன், லத்தீஃப் க்ரவுடர்னு வேற ரெண்டு பேர். குரல் ஒருத்தரோடது, வியர்வை இன்னொருத்தரோடது. (கொசுறு: அந்தத் தொடர்ல வர்ற பேபி யோடா பொம்மையைச் செஞ்ச லெகசி எஃபெக்ட்ஸ்தான், 2010-ல நம்ம 'எந்திரன்' சிட்டிக்கும் வேலை பார்த்தது. அந்த வகையில ரெண்டு பேரும் பங்காளிங்க!)

எனக்குப் பிடிச்சது அந்த முகம் தெரியாத சமாச்சாரம்தான். கவசத்தை மாட்டிட்டா நீ யாரு, எந்த ஊரு, யார் வீட்டுப் பையன்னு ஒருத்தனும் கேக்க முடியாது பாருங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. முதல்முறையா கவசம் செய்யறவங்களுக்கு மாண்டலோரியன் கொஞ்சம் கருணை காட்டும். அயர்ன் மேன்னா விரல் வரைக்கும் மூடியாகணும். இதுல கீழே சாதாரண துணி உடுப்பு, அதுக்கு மேல நெஞ்சு, தோள், முழங்கைக்குக் கீழ, தொடை, முட்டின்னு தனித்தனித் தகடு. ஒண்ணு சொதப்பினா அதை மட்டும் திரும்பச் செஞ்சுக்கலாம். நான் எல்லாத்தையும் சொதப்பினேன், அது வேற கதை.

தகடுன்னதும் இரும்புன்னு நினைச்சுடாதீங்க. ஈ.வி.ஏ. ஷீட். எத்திலீன் வினைல் அசிடேட்னு பேரு பெருசா இருக்கும். ஹவாய் செருப்பு, ஜிம்முல தரையில போடற பாய், ஷூவோட அடிப்பாகம்... எல்லாம் அந்தக் குடும்பம்தான். கத்தியால வெட்டலாம். ஹீட் கன்னால சூடு காட்டி வளைச்சுப் பிடிச்சு ஆற விட்டா அந்த வளைவு அப்படியே நிக்கும். அந்தச் சூட்டுலயே மேல்பரப்புல இருக்கற நுண்ணிய துளைகளும் மூடி வழவழன்னு ஆகிடும். ஆன்லைன்ல 'காஸ்ப்ளே ஃபோம்'னு தேடினேன். விலையைப் பார்த்துட்டு லேப்டாப்பை மூடப் போனப்ப, பின்னாடி நின்னு எட்டிப் பார்த்த அம்மா சிரிச்சாங்க.

"இதுக்கா இவ்ளோ ரூபா? எங்க கம்பெனியில வெட்டிட்டு மிச்சத்தைக் குப்பையில போடறாங்கடா."

இந்த இடத்துல ஒரு உண்மையைச் சொல்லியாகணும். எங்க அம்மா ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில வேலை செய்யறாங்க. பேஸ்டிங் செக்ஷன். பதினாலு வருஷமா. காலேஜ்ல யாருக்கும் இது தெரியாது. முதல் வருஷம் எல்லாரும் அறிமுகம் சொன்னப்ப, "அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில க்வாலிட்டி பார்க்கறாங்க"ன்னு அடிச்சு விட்டேன். ஒரு நொடியில வாயில வந்த பொய். அதுக்கப்புறம் மாத்திச் சொல்ல வாய்ப்பே வரலை. நானும் தேடலை. ஆம்பூர்னு சொன்னா பசங்க பிரியாணியைப் பத்திதான் கேப்பாங்க, நான் பாட்டுக்குக் கத்தரிக்காய் தொக்கைப் பத்திப் பேசி ஒப்பேத்திடுவேன்.

சரி, கவசத்துக்கு வருவோம். அம்மா சொன்ன பழைய ஷீட் கடை பாய்கிட்ட கிலோ கணக்குல ஈ.வி.ஏ. கிடைச்சுது. 6 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர், கறுப்பு, சாம்பல், நடுவுல ஒரு ரோஸ் கலர் வேற. பெயின்ட் அடிச்சா எல்லாம் ஒண்ணுதானே! நெட்டுல இலவசமா கிடைச்ச டெம்ப்ளேட்டை 38 பக்கம் பிரின்ட் எடுத்தேன். ஷீட் மேல ஒட்டி வெட்டினேன். சொல்யூஷன் தடவினேன். சேர்த்தேன். அந்த ஹெல்மெட் கதைதான் முதல் பாராவுல படிச்சீங்களே.

காரணம் மறுநாள்தான் பிடிபட்டுது. பிரின்ட் எடுத்தப்ப 'ஃபிட் டு பேஜ்' டிக் ஆகியிருந்திருக்கு. பிரின்டர் தன்னிஷ்டத்துக்கு எல்லாத்தையும் கொஞ்சம் சுருக்கிடுச்சு. நீங்க செய்யறதா இருந்தா தயவுசெஞ்சு முதல் பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து, அதுல இருக்கற அளவுகோலை ஸ்கேல் வெச்சு ஒத்துப் பாருங்க. 38 பக்கக் காசு மிச்சம். காதும் மிச்சம்.

ஆனா, நெஞ்சுத் தகட்டுக்கு அந்தச் சாக்குகூடச் சொல்ல முடியாது. சுருங்கின பிறகும் அது எனக்குத் தொப்புள் வரைக்கும் தொங்குச்சு. அந்த டெம்ப்ளேட் ஆறடி ஆள் ஒருத்தருக்குப் போட்டது. நான் அஞ்சடி நாலு அங்குலம். அதோட ஒட்டின இடமெல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னுச்சு. அம்மா அதைக் கையில வாங்கி, விளிம்பை நகத்தால ஒரு நெம்பு நெம்பினாங்க. பிரிஞ்சு வந்துடுச்சு.

"ஈரத்தோட ஒட்டினியா?"

"ஆமா. காஞ்சா எப்படி ஒட்டும்?"

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... வைவாவுல எக்ஸ்டர்னல்கூட அப்படிப் பார்த்ததில்லை. பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து ரெண்டு விளிம்புலயும் மெல்லிசா தடவினாங்க. ஓரமா வெச்சாங்க. பாதி அரிசி பொறுக்கினாங்க. பத்து நிமிஷம் கழிச்சு வந்து விரலை மடக்கி, முட்டியால தொட்டுப் பார்த்தாங்க. (விரல் நுனியில சொல்யூஷன் ஏறி ஏறி மரத்துப் போயிருக்காம், முட்டிக்குத்தான் ஒட்டற பதம் தெரியுதாம்.) கையில ஒட்டலை. அப்ப ரெண்டு விளிம்பையும் ஒரு மூலையில ஆரம்பிச்சு, இழுத்துப் பிடிச்சுக்கிட்டே அழுத்திக்கிட்டுப் போனாங்க. பட்டுனு பிடிச்சுது. இழுத்துப் பார்த்தேன். ஷீட் கிழியும்போல இருந்துச்சு, ஒட்டு பிரியலை. "ஒரு தடவை வெச்சா வெச்சதுதான். தூக்கி மறுபடி வெக்க முடியாது. அதனால வெக்கறதுக்கு முன்னாடி யோசி"ன்னாங்க. கான்டாக்ட் அடெசிவ்னு பாக்கெட்ல இங்கிலீஷ்ல போட்டிருக்கறதும் இதேதான். நான் அதைப் படிக்கலை.

அப்புறம் அம்மா கேட்டதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "ஏன்டா, லாஸ்ட் இல்லாம எப்படிடா செய்வ?"

லாஸ்ட்னா ஷூ கம்பெனியில வெச்சிருக்கற கால் அச்சு. அதை வெச்சுத்தான் மொத்த ஷூவும் உருவாகும். பேட்டர்ன் போடறவங்க என்ன பண்ணுவாங்கன்னா, லாஸ்ட் மேல முழுக்க மாஸ்கிங் டேப்பைச் சுத்தி ஒட்டிடுவாங்க. அந்த டேப் மேலயே பென்சில்ல ஷூவை வரைவாங்க. அப்புறம் டேப்பைப் பிரிச்செடுத்துத் தட்டையா விரிச்சா பேட்டர்ன் ரெடி. அம்மா கொஞ்ச நாள் சாம்பிள் ரூமுக்கு எடுபிடியா போயிருந்தப்ப இதைப் பார்த்திருக்காங்க. "உன் உடம்புக்கு லாஸ்ட் எங்க? நீதான் லாஸ்ட். பழைய பனியனைப் போட்டுக்கிட்டு வந்து நில்லு"ன்னாங்க.

நின்னேன். நாப்பது நிமிஷம். ஃபேனை நிறுத்திட்டாங்க, டேப் பறக்குதாம். பனியன் மேல டேப்பைக் குறுக்கும் நெடுக்குமா ஒட்டிக்கிட்டே அன்னிக்கு லைன்ல நடந்ததையெல்லாம் சொன்னாங்க. யாருக்கு வளைகாப்பு, யாரு சீட்டுப் பணம் எடுத்தா, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஜோடின்னு கணக்கு ஏத்தினதுல யாரு யாரோட சண்டை. இதெல்லாம் தினமும் சொல்றதுதான், நான்தான் காதுல ஹெட்போனோட இருப்பேன். இப்ப ஓட முடியாது, கையைத் தூக்கிக்கிட்டு சிலை மாதிரி நிக்கறேனே!

நெஞ்சுக்கு நடுவுல மார்க்கரால ஒரு கோடு இழுத்தாங்க. ரெண்டு தோளையும் தொட்டுப் பார்த்தாங்க. "வலது தோள் இறங்கி இருக்குடா. ஸ்கூல் பையை ஒரே பக்கம் மாட்டாதன்னு எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன்." கண்ணாடியில பார்த்தேன். நிஜமாவே ஒரு விரல்கடை இறக்கம். இருபது வருஷமா தினமும் பார்க்கற உடம்பு! நான் கம்ப்யூட்டர்ல இடது பக்கத்தை வரைஞ்சு 'மிரர்' கொடுத்துதான் வலது பக்கத்தைச் செஞ்சிருந்தேன். அதான் தோள் தகடு ஒரு பக்கம் குரங்கு மாதிரி ஏறி உக்கார்ந்திருக்கு. "எந்தக் காலும் ஜோடிக் காலு மாதிரி இருக்காதுடா"ன்னு சொல்லிக்கிட்டே பனியனோட சேர்த்து முதுகுப் பக்கம் வெட்டி என்னை விடுதலை பண்ணினாங்க.

வளைஞ்சு நிக்கற டேப் கூட்டைத் தரையில வெச்சா தட்டையா உக்காரலை. எங்கெங்கே தூக்கிக்கிட்டு நிக்குதோ அங்கங்கே ஒரு கீறல் போட்டாங்க. படிஞ்சுது. முதல் செமஸ்டர் கிராஃபிக்ஸ்ல 'டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேசஸ்'னு ஒரு யூனிட் வருமே, ஞாபகம் இருக்கா? அந்தக் கேள்வியை நான் சாய்ஸ்ல விட்டவன்.

அடுத்த ரெண்டு வாரம் வேலை ஓடிச்சு. பிளேடை அடிக்கடி மாத்தணும், மழுங்கின பிளேடு ஷீட்டைப் பிய்ச்சுடும். மடிப்பு வர்ற இடத்துல விளிம்பை 45 டிகிரி சாய்ச்சு வெட்டினா மூலை கச்சிதமா சேரும். வெட்டறப்ப கத்தி போற வழியில இன்னொரு கையை வெக்கக் கூடாது (இடது கட்டைவிரல், மூணு தையல்). மிச்சத்தை நீங்களே சொதப்பிக் கத்துக்குங்க.

நான் உங்ககிட்ட சொல்ல வந்தது இன்னொண்ணு.

அந்தச் சொல்யூஷன் வாடை. குப்பி திறந்ததும் மூக்குக்குள்ள நுழைஞ்சு நெத்தியில உக்கார்ற ஒரு இனிப்பான நெடி. மூணாவது நாள் ரூமுக்குள்ள உக்கார்ந்து ஒட்டிக்கிட்டிருந்தப்ப தலை கிர்ருனு சுத்திச்சு. ராத்திரி முழுக்க மண்டையிடி. அப்புறம்தான் குப்பியைத் திருப்பிப் படிச்சேன். டொலுயின். அந்த ஆவியை நிறைய சுவாசிச்சா தலைவலி, மயக்கம் வரும். வருஷக்கணக்குல சுவாசிச்சா நரம்பு மண்டலத்தையே பாதிக்கும். காத்தோட்டமான இடத்துல உபயோகிக்கணும். கொரோனா சமயத்துல போட்ட என்-95 மாஸ்க் இதுக்கு உதவாது, அது தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி ஃபில்டர் வெச்ச மாஸ்க் வேணும். பயந்துபோய் மறுநாளே ஒண்ணு வாங்கினேன். ரெண்டு பக்கமும் உருண்டையா டப்பா வெச்சது. போட்டா நானே ஒரு வில்லன் மாதிரி இருந்தேன்.

சாயங்காலம் அம்மா வேலை முடிஞ்சு வந்தாங்க. வாசல்ல செருப்பைக் கழட்டறப்பவே வழக்கமான வாடை. சின்ன வயசுலேர்ந்து எனக்கு அது 'அம்மா வந்துட்டாங்க' வாடை. பத்தாவது படிக்கறப்ப, பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு நேரா கம்பெனியிலேர்ந்து வந்தப்ப, பக்கத்து பெஞ்ச் பையன் மூக்கைச் சுருக்கினதும் அதே வாடைக்குத்தான். அதுக்கப்புறம் "நீ வர வேணாம்மா"ன்னு சொல்ல ஆரம்பிச்சேன்.

"இன்னாடா இது மூஞ்சியில?"ன்னு கேட்டாங்க.

"சொல்யூஷன் ஆவி ஒத்துக்காதும்மா. உடம்புக்குக் கெடுதல். போட்டுக்கிட்டுதான் ஒட்டணும்."

சொல்லி முடிக்கறதுக்குள்ள நாக்கு ஒட்டிக்கிச்சு. அஞ்சு நாள் ஒட்டினவன் நான். அம்மா ஒண்ணும் சொல்லலை. மாஸ்க்கை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாங்க. "கம்பெனியில துணி மாஸ்க் தருவாங்க. வேர்த்துக் கொட்டும், கழட்டிடுவோம். நமக்குத்தான் பழகிடுச்சே, வாடையே தெரியாது"ன்னுட்டு அடுப்பைப் பத்த வெக்கப் போயிட்டாங்க. வாடை தெரியாமப் போறது மூக்கு பழகினதாலதான், ஆவி குறைஞ்சதால இல்லைன்னு நான் முந்தின நாள்தான் படிச்சிருந்தேன். அதை அன்னிக்குச் சொல்லலை. அதுக்கப்புறம் ஒட்டற வேலையை மட்டும் மொட்டை மாடிக்கு மாத்திட்டேன்.

பெயின்ட் வேலையை வேகமா சொல்லிடறேன். நேரா பெயின்ட் அடிச்சா ஈ.வி.ஏ. உறிஞ்சிடும். மரத்துக்கு ஒட்டற வெள்ளைப் பசையில தண்ணி கலந்து நாலு கோட், அப்புறம் கறுப்பு, அதுக்கு மேல சில்வர். கடைசியா கறுப்பு பெயின்ட்டை நீர்க்கக் கரைச்சுத் தடவி, காயறதுக்குள்ள துணியால துடைச்சா, சந்துகள்ல மட்டும் அழுக்கு தங்கும். நாலு யுத்தம் பார்த்த தகடு மாதிரி ஆகிடும். 'டி' கண்ணாடிக்குப் பழைய பைக் ஹெல்மெட்டோட கறுப்பு வைஸர். மூச்சு விட்டா பனி பிடிச்சுக் கண்ணே தெரியலை. சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் ரெண்டை உள்ளே வெச்சு பவர் பேங்க்ல இணைச்சேன். மொத்தச் செலவு 3,800 ரூபாய், அதுல கால்வாசி அந்த மாஸ்க்குக்கு.

காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல போட்டுக்கிட்டு நடந்தேன். உக்கார முடியாது. குனிய முடியாது. பாத்ரூம்? பேசவே வேணாம். ஆனா மக்கா, கூட்டம் விலகி வழிவிட்டுச்சு! எங்க ஹெச்.ஓ.டி-யே செல்ஃபி எடுத்தார், உள்ளே இருக்கறது ரெண்டு இன்டர்னல்ல ஃபெயிலான பையன்னு தெரியாம. மேடையில காம்பியரிங் பண்ணின சீனியர் அக்கா மைக்கை நீட்டினாங்க. "செம ஃபினிஷிங்! யாரு செஞ்சது இது? எங்கே ஆர்டர் பண்ணீங்க?"

"எங்க அம்மா. ஷூ கம்பெனியில பேஸ்டிங் செக்ஷன்"னு சொன்னேன். நிஜமா சொன்னேங்க. சத்தமாவே சொன்னேன்.

ஒருத்தருக்கும் கேக்கலை. மைக்ல 'ம்ஹும்ஹும்'னுதான் வந்துச்சாம். ஃபேன் சத்தம் வேற. கூட்டம் சிரிச்சுது, கை தட்டுச்சு, அக்கா "ஓகே, பிளானட் பாஷை போல!"ன்னு சமாளிச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. ஹெல்மெட்டைக் கழட்டி இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். கையைக்கூடத் தூக்கினேன். தூக்கின கையால டாட்டா காட்டிட்டு இறங்கிட்டேன்.

ராத்திரி ஹாஸ்டல்ல ரூம் பசங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும் சொன்னேன். மூணு வருஷப் பொய்யையும் சேர்த்து. ஒருத்தன் தோள் தகட்டைக் கையில வெச்சு விளிம்பைத் தடவிக்கிட்டே, "அதான் ஜாயின்ட்டே தெரியலை"ன்னான். இன்னொருத்தன், "அப்ப எனக்கு ஒரு ஷூ தள்ளுபடியில கிடைக்குமா?"ன்னான். அவ்ளோதான். மிச்ச பேருக்கு இந்தப் பக்கத்தைப் படிச்சு தெரிஞ்சா சரி.

மாஸ்க்கை ஊர்லயே விட்டுட்டு வந்திருந்தேன். ஒருநாள் அம்மா அதைக் கம்பெனிக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. மத்தியானமே கழட்டிட்டாங்களாம். "அதைப் போட்டா பேச முடியலைடா. பக்கத்துல இருக்கறவகூட ஒரு வார்த்தை பேசாம எட்டு மணி நேரம் எப்படி உக்கார்றது?"ன்னு போன்ல சிரிச்சாங்க. எனக்குக் கோபம் வந்துச்சு. வாடைக்கும் ஆவிக்கும் இருக்கற வித்தியாசத்தை அப்பதான் சொன்னேன். கிளாஸ் எடுக்கற மாதிரி இருந்திருக்கும். "சரி சரி, வெச்சிடறேன், சீரியலுக்கு நேரமாச்சு"ன்னு வெச்சுட்டாங்க.

போன வாரம் அவங்களே கூப்பிட்டாங்க. சாப்டியா, மழை உண்டா எல்லாம் முடிஞ்சுது. அப்புறம், "டேய், அந்த மாஸ்க்குல ரெண்டு பக்கமும் டப்பா இருக்கே, அது மட்டும் தனியா கிடைக்குமா?"ன்னாங்க.

"கிடைக்கும்மா. கொஞ்ச நாள்ல மாத்தியே ஆகணும். எதுக்கு?"

"எங்க லைன்ல ஒருத்திக்குத் தினம் தலைவலி. அவதான் இப்ப போட்டுக்கறா. இன்னும் நாலு பேர் விலை கேக்கறாங்க. மொத்தமா வாங்கினா குறைச்சுத் தருவானான்னு விசாரிச்சுச் சொல்லு."

விசாரிச்சுக்கிட்டிருக்கேன்.